வைக்கோல் லாரிக்கு நாசில் கேட்ட மகனுக்கு

ஐயா, நீ கேட்ட நாசில் ஆறும் இந்தக் கடிதத்தோடு வந்து சேரும். பெட்டியைப் பிரித்து மெக்கானிக் கையில் கொடுப்பதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு. நடுவில் லோடு வந்தால் காத்திருக்கட்டும். உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. போனில் பேசியே பழகிவிட்டோம். நாலு நாளாக எழுதுகிறேன். நாலு வரி எழுதுவது, எழுந்து கடைக்குள் போய் எதையாவது கழற்றித் துடைப்பது, திரும்பி வந்து எழுதியதைக் கிழிப்பது என்று பொழுது போகிறது. நேற்று ஒரு வாடிக்கைக்காரர் கொண்டுவந்த இன்ஜெக்டரை இரண்டு தடவை பிரித்துப் பூட்டினேன். ஏன் பிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்தத் தாளையாவது கிழிக்காமல் முடிக்க வேண்டும்.

போன மாதம் கம்பத்திலிருந்து மூன்று படம் அனுப்பியிருந்தாய். ஒன்று, உன் வண்டிக்குக் கம்பெனியில் வந்த அதே அளவு நாசில், டீசல் பீச்சுகிற துளை சின்னது. இரண்டாவது, அதைவிடக் கொஞ்சம் பெரிய துளை. மூன்றாவது, வேறொரு பெரிய இன்ஜினுக்கு உரியது, துளை நன்றாகவே பெரியது. கூடவே உன் குரலில் ஒரு செய்தி: “மூணாவதையே அனுப்பிரும்மா. குமுளி ஏத்தத்துல லோடோட கியர் இறக்காம இழுத்துரும்னு பட்டறையில சொல்றாக.” எனக்கு உன் வண்டி தெரியும். பழைய ஆறு சிலிண்டர் லாரியை வாங்கி, பஸ்ஸில் இருந்த, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற பெரிய டர்போவை அதில் ஏற்றி, காற்றைக் குளிர்விக்கும் கூலரையும் பொருத்தி, வைக்கோலுக்காகப் பலகையை உயர்த்தி, பின்னால் நீளமும் கூட்டியிருக்கிறாய். நரிக்குடிப் பக்கம் வைக்கோல் கட்டி ஏற்றிக்கொண்டு கேரளத்துக்கு மலை ஏறுகிறாய். ஏற்றத்தில் வண்டி திணறும்போது உனக்கு எப்படி இருக்கும் என்பதும் தெரியும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான், டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, மேலே இன்னும் எத்தனையோ வளைவு. இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் போதும் என்றுதான் எவருக்கும் தோன்றும். அதனால் நீ கேட்டதில் தப்பு இல்லை. நான் அதற்கு என்ன செய்தேன் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நான் முதல் நாசிலை எடுத்தேன். பழைய அளவு. ஆறையும் டெஸ்டரில் வைத்து அழுத்தம் பார்த்து, எண்ணெய் தடவி, பெரிய நாசில் வந்த காலிப் பெட்டியில் அடுக்கினேன். லேபிள் கிழிந்திருந்தது, பசை தடவி ஒட்டினேன். நாசில் உடம்பில் எண் பொறித்திருக்கும். ஆனால் நீ அதைப் பார்க்க மாட்டாய். அம்மா அனுப்பினால் அப்படியே மாட்டிவிடுவாய். பந்தல்குடி ரோட்டில் நம் கடை இருக்கிற இத்தனை வருஷத்தில், நாசில் அக்கா கொடுத்தால் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை என்று டிரைவர்கள் சொல்வார்கள். அந்தப் பேரை வைத்துத்தான் உன்னை ஏமாற்றப் பார்த்தேன். பெட்டியைப் பையில் போட்டு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோனேன். பார்சல் வாங்குகிறவர் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதச் சொன்னார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற ஆள் சத்தம் போட்டார். பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

பொய் சொல்லக் கூடாது என்று யோசித்துத் திரும்பவில்லை ஐயா. நாசிலைப் பற்றி இதற்கு முன்னும் ஒரு தடவை பொய் சொல்லியிருக்கிறேன்.  அதையேதான் திரும்பவும் செய்கிறேன் என்று பேனாவோடு நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

மாட்டுப்பொங்கல் அன்று நீ வண்டியோடு ஊருக்கு வந்திருந்தாயே, அதை நினைத்துப் பார். வாசலில் வண்டி நின்றது. உன் சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் டர்போவைப் பார்க்க வந்திருந்தார்கள். உன் அப்பா சட்டையைச் சரிசெய்துகொண்டு, யாரும் பார்க்காத மாதிரி மெல்ல ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கில் கை வைத்தார், அவ்வளவுதான். சாவியைக்கூடத் தொடவில்லை. நீ கீழே நின்றுகொண்டு சிரித்த முகத்தோடு சொன்னாய்: “இறங்குங்கப்பா. இது வைக்கோல் ஏத்துற வண்டி.” எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார். இறங்கும்போது வலது கையை உள்ளுக்கு மடக்கிக்கொண்டார், தீக்காயத் தழும்பு தெரியாமல். நான் காபித் தட்டோடு வாசற்படியில் நின்றேன். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

உனக்குத் தெரிந்த கதை ஒன்று உண்டு. ஊருக்கே தெரியும். உன் அப்பா வைக்கோல் லாரி ஓட்டிக்கொண்டு வரும்போது பீடி பிடித்தார், பொறி விழுந்து லாரி எரிந்தது, அதற்குப் பிறகு அவரை நம்பி எவரும் வண்டி கொடுக்கவில்லை. நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது நடந்தது அது. பள்ளிக்கூடத்தில் உன்னைப் ‘பீடி லாரி’ என்று கூப்பிட்டார்கள். நீ அழுதுகொண்டு வந்தாய். அவரிடம் போய், ஏன் பீடி குடித்தீர்கள் என்று கேட்டாய். அவர் உன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, இனிமேல் குடிக்க மாட்டேன் என்றார். குடிக்கவும் இல்லை. அந்தக் கதையில் ஒரு பாதியை உனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான்.

அந்த வருஷம், கடையை நடத்திவந்த உன் தாத்தா கண் ஆபரேஷன் ஆகி வீட்டில் இருந்தார். கடையை நான் பார்த்தேன். அவர் இருக்கும்போதும் வேலையில் பாதி நான்தான் செய்வேன், ஆனால் வருகிறவர்கள் என்னிடம் கேட்க மாட்டார்கள். உள்ளே எட்டிப்பார்த்து “ஐயா இல்லையா” என்பார்கள். உன் அப்பா ஓட்டிய லாரியின் முதலாளியும் அப்படித்தான் எட்டிப்பார்த்தார். என்ன வேண்டும் என்று நான் கேட்டேன். வைக்கோல் லோடு மலை ஏற மாட்டேன் என்கிறது, பெரிய நாசில் போட்டால் ஏறும் என்கிறார்கள், ஐயா எப்போது வருவார் என்றார். நானே பார்க்கிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி பாரும்மா என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு லாரி முதலாளி என் வேலைக்காகக் காத்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அந்த வண்டிக்கு ஏற்ற பெரிய நாசில் அப்போது கிடைக்கவில்லை. மதுரையிலிருந்து வந்த சரக்கில் வேறொரு பெரிய இன்ஜினுக்கான செட் ஒன்று இருந்தது. நீளம் சரியாக இருந்தது, பொருத்திப் பார்த்தால் உட்கார்ந்தது. ஆனால் டீசல் பீச்சுகிற கோணம் வேறு. தாள் மேல் டீசலை அடித்துப் பார்த்தேன், வட்டம் அகலமாக விழுந்தது. பிஸ்டன் குழிக்குள் விழ வேண்டிய டீசல் வெளியே போய் விழும் என்று எனக்கு அப்போதே தெரியும். அந்த வண்டிக்கு டர்போவும் கிடையாது. காற்று அதே காற்று, டீசல் மட்டும் கூடப் போகும், பாதி எரிந்தும் பாதி எரியாமலும் சைலன்சர் வழியாக வரும். இது பொருந்தாது, நாலு நாள் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் எழுந்துபோய், ஐயா வந்ததும் வருகிறேன் என்பார். அப்படி அவர் எழுந்துபோகக் கூடாது என்றே மாட்டினேன்.

ஒரு வாரம் கழித்து உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: “இந்தா, ஏத்தத்துல மிதிச்சா புகை கறுப்பாக் கக்குது. சைலன்சர் வாயில பொறி தெரியுது. என்னன்னு ஒருக்காப் பாரு.” புது நாசில் அப்படித்தான், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. வண்டி ஓட்டுவது அவர் வேலை, நாசில் என் வேலை என்று அவருக்கு ஒரு மரியாதை. வண்டியில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தவர் வந்து சொன்னார். கடையில் உட்கார்ந்திருந்த நான் இல்லை என்றேன். ஐயா, உனக்கு நான் எழுதுகிற புத்தி எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது. நாளைக்கு உன் வண்டியை வேறொருவன் ஓட்டினால், அவன் வந்து புகை கறுக்கிறது என்றால், நீ எழுந்துபோய்ப் பார்.

மாசி மாதம், உச்சி வெயில். நரிக்குடிப் பக்கத்து வயலில் லோடு ஏற்றிக்கொண்டு திருச்சுழியில் டீ குடித்துவிட்டுப் புறப்பட்டிருக்கிறார். கூட வைக்கோல் வியாபாரி இருந்தார். டீக்கடையில் ஒரு பீடி குடித்தது உண்மை. அதைக் காலில் போட்டு மிதித்துவிட்டுத்தான் ஏறினேன் என்று உன் அப்பா சத்தியம் பண்ணுவார். கொஞ்ச தூரத்தில் ரோடு மேடாக ஏறுகிற இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தார். அந்த வண்டிக்குச் சைலன்சர் வாய் வலப்பக்கம். வைக்கோல் பலகைக்கு வெளியே பிதுங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் புகை தெரிந்தது, பிறகு தீ தெரிந்தது. வியாபாரி கதவைத் திறந்து குதித்துவிட்டார். உன் அப்பா இருந்த இடம் வழியில் ஒரு சின்ன ஊருக்கு நடுவில். இரண்டு பக்கமும் வீடு, வீட்டுக்கு வீடு வைக்கோல் படப்பு, அறுப்பு முடிந்த நேரம், அடிக்கிற காற்று. அங்கேயே நிறுத்தியிருந்தால் ஊர் எரிந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. எரிகிற லாரியை ஹாரன் அடித்தபடியே ஊரைத் தாண்டி ஓட்டிக்கொண்டுபோய்க் கண்மாய்க்குள் இறக்கினார். வலப்பக்க ஜன்னல் வழியாகத் தீ உள்ளே வந்து கையைப் பிடித்தது. அந்தக் கையால்தான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். வண்டி சேற்றில் சிக்கி நின்ற பிறகுதான் குதித்தார்.

ஆஸ்பத்திரிக்கு நான் ஓடினபோது வாசலிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. டிரைவர் சீட்டும் வலப்பக்கம், தீப்பிடித்ததும் வலப்பக்கம், சட்டைப் பையில் பீடிக்கட்டு. வியாபாரி, பீடிதான், வேறென்ன என்றார். யாருக்கும் அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த ஊரில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கருப்பாயி என்ற பெண் அப்பாவைக் கொண்டுவந்த வேனில் கூட வந்திருந்தாள். அவருடைய துண்டை நனைத்துக் கையில் சுற்றியது அவள்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: “யக்கா, தீ மேல இருந்து வரல. கீழ, பின் சக்கரத்துக்கிட்ட, அந்தக் குழா வாயிலதான் பத்துச்சு. நான் பாத்தேன்.” சரி என்று தலையாட்டினேன். வேறு யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றாள். அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து எரிந்த வண்டியின் இன்ஜினைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். நாசில்களை நான் மட்டும் உட்கார்ந்து கழற்றினேன். ஆறையும் டெஸ்டரில் போட்டேன். நாலு ஓரளவு சரியாக அடித்தன. இரண்டு அடிக்கவே இல்லை, உள்ளே இருக்கிற ஊசி சிக்கிக் கோடாக ஒழுகின. தீயில் வெந்ததால் சிக்கியதா, முன்பே சிக்கியிருந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சைலன்சருக்குள் விரல்கனத்துக்குக் கரி அடைந்திருந்தது. ஒரே மாதத்தில் அவ்வளவு கரி. ஆறு நாசிலையும் பழைய இரும்போடு சேர்த்துப் போட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் உன் அப்பா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார், நாசிலில் ஏதும் கோளாறு இருந்ததா என்று. குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. தனக்கு ஒரு வழி இருக்கிறதா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். நல்லாத்தான் இருந்தது என்றேன். அவர் கையைப் பார்த்துக்கொண்டே, “அப்ப என் பீடிதான்” என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒருநாளும் அவர் பேசவில்லை.

ஏன் அப்படி இல்லை என்று சொன்னாய் என்று கேட்பாய். கடை போய்விடும் என்று பயந்தேன். பொம்பளை கை வைத்தாள், லாரி எரிந்தது என்பார்கள் என்று பயந்தேன். இரண்டும் உண்மை. கொஞ்ச நாள் போகட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்ததும் உண்மை. கொஞ்ச நாள் போனதும் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. இதற்கிடையில் அவர் பந்தல்குடி எடை மேடையில் லாரி நம்பர் எழுதுகிற வேலைக்குப் போனார். தன்னோடு வண்டி ஓட்டியவர்கள் எல்லாம் மேடையில் ஏறி இறங்க, அவர் ஜன்னலுக்குள் உட்கார்ந்து எழுதினார். நான் வாழ்ந்தேன். கடைக்குப் பேர் வந்தது. அந்தப் பேரை வைத்துக்கொண்டு அவருக்கு நல்ல சாப்பாடு போட்டேன், நல்ல வேட்டி வாங்கினேன், கோபமே பட்டதில்லை. உன் அத்தைமார் எல்லாம், இவள் மாதிரிப் பெண்டாட்டி கிடைக்க வேண்டும் என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது என்று நீ கேலி செய்வாயே, அது அப்போது வந்ததுதான்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்டியோடு திரும்பிய அன்று அவர் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன். கோணம், டர்போ இல்லாதது, கரி, கருப்பாயி சொன்னது, பழைய இரும்பில் போட்டது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த டியூப் அப்படியே இருந்தது.

“நான் அன்னைக்கே கேட்டேன்ல?”

“கேட்டீக.”

“இல்லைன்னு சொன்ன.”

“சொன்னேன்.”

டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கினார். குமிழி வருகிறதா என்று பார்த்தார். அதைச் சக்கரத்தில் பூட்டி, காற்று அடித்து, கை கழுவி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இருட்டுவதற்குள் வந்தார். மூன்று நாள் வீட்டில்தான் சாப்பிட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சமைத்ததைச் சாப்பிட்டார் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்த மூன்று நாளில் ஒருநாள் நான் பாளையம்பட்டிக்குப் பஸ் ஏறிப்போய் லாரி முதலாளியைப் பார்த்தேன். வயதாகிவிட்டது, டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எந்த லாரி என்று கேட்டார். எரிந்த லாரி என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, “அது கழிஞ்சது கழிஞ்சுபோச்சு, இப்ப எதுக்கும்மா” என்றார். பெரிய நாசில் போடச் சொன்னதே நான்தானே என்றும் சொன்னார், எனக்கு ஆறுதலாக. எனக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை. உன் அப்பா உடம்பிலும் பேரிலும் சுமந்துகொண்டிருந்ததை அந்த மனிதர் மறந்தே போயிருந்தார். அவரிடம் அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு மாதம் கோபப்பட்டிருப்பார், அவ்வளவுதான். அதற்குப் பயந்தா இத்தனை வருஷம் போனது என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் பாதி வழி நடந்தே வந்தேன்.

நாலாம் நாள் உன் அப்பா கடைக்கு வந்தார். அவர் கடைக்குள் வந்து பல வருஷம் ஆகிறது. டெஸ்டர் பக்கத்தில் நின்று, “அந்த நாசில் எப்படிப் பீச்சுச்சு, காட்டு” என்றார். அந்த நாசில் இப்போது இல்லை. ஊசி சிக்கிய வேறொன்றை எடுத்து மாட்டி நெம்புகோலை அழுத்தினேன். டீசல் கோடாக ஒழுகியது, நுனியில் சொட்டு நின்றது. அதைக் கழற்றிவிட்டு நல்லதை மாட்டி அழுத்தினேன். கிர்ரென்று சத்தத்தோடு புகை மாதிரி பூத்து விரிந்து போனது. திரும்பவும் முதலாவதைப் போடச் சொன்னார். போட்டேன். குனிந்து, தழும்புக் கையை முழங்காலில் ஊன்றி, அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுக்கா” என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்ட பிறகு எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. என்னை அடித்திருக்கலாம், திட்டியிருக்கலாம், எதுவும் செய்யவில்லை.

வாசல்வரை போனவர் நின்று சொன்னார்: “எனக்குச் சொன்னது பத்தாது. அவன்கிட்டச் சொல்லு. போன்ல வேண்டாம். போன்ல நீ அழுவ, அம்மா அழுகுதேன்னு அவன் விட்டுருவான். எழுது.” அதனால்தான் எழுதுகிறேன். இதை எழுதும்போது அழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ அதைப் பார்க்க வேண்டியதில்லை.

இனி உன் நாசிலுக்கு வருகிறேன். பெட்டியில் இருப்பது இரண்டாவது. பயந்து சின்னதை அனுப்பவில்லை, நீ கேட்டாய் என்று பெரியதையும் அனுப்பவில்லை. எண்ணைப் பார்த்துக்கொள், இனிமேல் யார் கொடுத்தாலும், நான் கொடுத்தாலும் பார்த்துக்கொள். உன் வண்டியில் பெரிய டர்போ இருக்கிறது, கூலர் இருக்கிறது, ஆகவே கூடுதல் டீசலுக்குக் காற்று இருக்கிறது. இரண்டாவது நாசில் அந்தக் காற்றுக்குள் எரிந்துவிடும். பீச்சும் கோணம் உன் பிஸ்டனுக்கு உரியதேதான், ஆறையும் தாளில் அடித்துப் பார்த்தேன், அந்தத் தாளையும் மடித்து வைத்திருக்கிறேன், நீயே பார். மூன்றாவதைப் போட்டால் ஏற்றத்தில் முதல் மாதம் உனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். பட்டறைக்காரர் சொன்னது பொய்யில்லை, வண்டி இழுக்கும். ஆனால் மலையில் ஒரு மணி நேரம் மிதித்துக்கொண்டே ஏறும்போது பிஸ்டன் தலை உருகுகிற சூட்டுக்குப் போகும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவி இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியில் அளவு குறையாமல் ஏறினால், முகர்ந்தால் டீசல் வாசம் அடித்தால், அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்திவிடு. நாசிலுக்கு அடியில் இருக்கிற பழைய செம்பு வாஷரை எடுத்துவிட்டுப் புதிது போடச் சொல். ஆறையும் ஒரே நாளில் மாற்று, இரண்டு இன்றைக்கு நாலு நாளைக்கு என்று இருக்க வேண்டாம். முதல் பத்து நாள் வைக்கோல் ஏற்றாதே. செங்கல்லோ சிமெண்டோ ஏற்றி மலை ஏறிப் பார், புகை எந்த நிறம் என்று பார். சாம்பல் நிறம் சரி. கறுத்தால் திருப்பி அனுப்பு. சைலன்சர் வாய்க்குப் பொறி தடுக்கும் வலை வைத்திருக்கிறேன், அதையும் மாட்டு. வைக்கோலைப் பலகைக்கு வெளியே தொங்கவிடாதே. ஆள் அவசரப்படுத்தினாலும் தார்ப்பாயை இறுக்கிக் கட்டு.

இவ்வளவும் மாட்டின பிறகும் உனக்கு இழுவை போதவில்லை என்றால் லோடைக் குறை. இதை நீ கேட்க மாட்டாய் என்று தெரியும், எழுதாமல் இருக்க முடியவில்லை.

எழுதி முடித்ததை உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடி போடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தீப்பிடித்த லாரியை ஓட்டின இடத்தில், கொஞ்சமும் பயப்படாமல் என்று எழுதியிருந்தேன். அதை அடிக்கச் சொன்னார். பயந்துகொண்டேதான் ஓட்டினேன், உன் பேரையும் அவன் பேரையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன், அதை நீ அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றார். அடித்துவிட்டேன். ஆனால் சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் அதை எனக்கே அன்றுதான் சொன்னார்.

பிறகு, இதைப் பார்சலில் போட வேண்டாம், நானே கொண்டுபோகிறேன் என்றார். எடை மேடையில் லீவு சொல்லிவிட்டார். நாளை விடிந்ததும் மதுரை பஸ்ஸில் ஏறுகிறார், அங்கிருந்து கம்பம். மாற்றுத் துணி எத்தனை வைக்கட்டும் என்று கேட்டேன். நிறைய வை என்றார். என்னோடு பேசிய வார்த்தைகளில் அது எந்தப் பக்கம் போகிற வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை. கோபத்தில் சொன்னாரா, உன்னோடு இருக்க ஆசைப்பட்டுச் சொன்னாரா என்று முகத்தில் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. நாலு வேட்டி, நாலு சட்டை, தழும்புக்குத் தடவுகிற எண்ணெய் எடுத்து வைத்தேன்.

அவரை எப்படி நடத்த வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லப் போவதில்லை. அந்த உரிமையை நான் இழந்துவிட்டேன். என் மேல் கோபம் இருந்தால் போன் பண்ணித் திட்டு, எடுப்பேன். எனக்காக அவரிடம் பேசாதே, மன்னிக்கச் சொல்லாதே. ஒன்று மட்டும் கேட்கிறேன். எப்போது திரும்பிப் போவீர்கள் என்று அவரிடம் கேட்டுவிடாதே, ஐயா. நானும் கேட்கவில்லை. அவருக்குத் தோன்றுகிறவரை அங்கே இருக்கட்டும். வருகிற நாளில் வந்தால், வாசலில் நிற்பேன். வராவிட்டாலும் நிற்பேன்.